களிமண் நாய் துப்பறிகிறது

தெருவோரம் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. அதற்குள் ஒளிந்துகொண்டு, ஓட்டை வழியாக ஒரு நாய் ஒரு பென்குவினைக் கண்காணிக்கிறது. பென்குவினோ அருங்காட்சியகத்தை நாடா பிடித்து அளந்துகொண்டிருக்கிறது. காட்சியில் ஒரு வசனம்கூட இல்லை. நாய்க்கு வாயே கிடையாது. பென்குவினுக்குக் கண்கள் என்று இருப்பவை இரண்டு கறுப்பு மணிகள். அவை சிரிப்பதும் இல்லை, முறைப்பதும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது: இந்தப் பறவை எதையோ திருடப் போகிறது, அது நாய்க்குத் தெரிந்துவிட்டது.

1993இல் வெளிவந்த ‘தி ராங் டிரவுசர்ஸ்’ என்ற அரை மணி நேரப் படத்தில் வரும் காட்சி இது. நாயின் பெயர் கிராமிட். அதன் எஜமானர் வாலஸ், சீஸ் என்றால் உயிரை விடுகிற கண்டுபிடிப்பாளர். இவர்கள் இருவரையும் படைத்தவர் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் பிறந்த நிக் பார்க். படத்தைத் தயாரித்தது பிரிஸ்டலில் உள்ள ஆர்ட்மேன் நிறுவனம். காட்சியில் இருக்கும் நாய், பென்குவின், தெரு, பெட்டி எல்லாமே கையால் செய்த பொம்மைகள். அவற்றில் எதையும் கணினி நகர்த்தவில்லை. இந்த முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர்.

பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பொம்மலாட்டத்தில் நாம் பார்க்கும் அதே நேரத்தில் கலைஞரின் கை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டாப் மோஷனில் ஒரு கை வருகிறது, பொம்மையின் காலை ஒரு நெல்மணி அளவு முன்னே நகர்த்துகிறது, விலகிப் போகிறது. அதன் பிறகுதான் கேமரா ஒரு புகைப்படம் எடுக்கிறது. மறுபடி கை வருகிறது, நகர்த்துகிறது, விலகுகிறது. மறுபடி ஒரு புகைப்படம். கை விலகியிருந்த அந்தக் கணங்களை மட்டும் வரிசையாக ஓட்டிக் காட்டினால் பொம்மை தானாகவே நடக்கிறது.

நம் மூளை இதை நம்புவதற்குக் காரணம், எல்லாச் சினிமாவும் இப்படிப்பட்டதுதான் என்பதே. திரையில் ஒரு நடிகர் ஓடும்போதும் நாம் பார்ப்பது விநாடிக்கு 24 அசையாத படங்களைத்தான். அவற்றின் இடைவெளியை மூளை நிரப்பிக்கொள்கிறது. ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு படங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். ஆகவே விநாடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட வேண்டும். 85 நிமிடப் படம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 61,200 நிலைகள். அதுவும் ஒரே ஒரு பொம்மை அசைந்தால். நான்கு பேர் ஒரே அறையில் நின்று பேசினால் நான்கு பேரையும் தொட வேண்டும். கைதேர்ந்த ஒரு அனிமேட்டர் நாள் முழுவதும் வேலை செய்தால் திரையில் இரண்டு மூன்று விநாடிகள் கிடைக்கும்.

இந்தக் கலை சினிமா பிறந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை, லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் இருந்த விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்ற பூச்சி ஆர்வலருடையது. கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம் பிடிக்க அவர் விரும்பினார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் படுத்துவிட்டன. கடைசியில் இறந்த வண்டுகளின் கால்களுக்குப் பதிலாகக் கம்பியைப் பொருத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தி, சண்டையைத் தாமே உருவாக்கினார். 1912இல் அவர் எடுத்த ‘தி கேமராமேன்ஸ் ரிவெஞ்ச்’ படத்தில் ஒரு வண்டுக் கணவன் மனைவிக்குத் தெரியாமல் தும்பி ஒன்றோடு சுற்றுகிறான். ஒரு வெட்டுக்கிளி சாவித் துவாரம் வழியாக அதைப் படம் பிடிக்கிறது. அந்தப் பூச்சிகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்களாம். ஒளிந்திருந்து பார்ப்பதும், இரகசியம் அம்பலமாவதும், சிரிப்பும் இந்தக் கலையோடு அப்போதே ஒட்டிக்கொண்டன.

ஆர்ட்மேனின் கதை 1972இல் பீட்டர் லார்ட், டேவிட் ஸ்பிராக்ஸ்டன் என்ற இரு நண்பர்களிடம் தொடங்குகிறது. 1977இல் பிபிசி தொலைக்காட்சிக்காக அவர்கள் செய்த மார்ஃப் என்ற பழுப்புநிறக் குட்டி மனிதன் பிரிட்டனின் குழந்தைகளைக் கவர்ந்தான். அவன் பிளாஸ்டிசினால் ஆனவன். நாம் பேச்சுவழக்கில் களிமண் படம் என்று சொன்னாலும், பிள்ளையார் செய்யும் களிமண் இதற்கு உதவாது. அதில் தண்ணீர் இருக்கிறது, காய்ந்தால் வெடித்துவிடும். பிளாஸ்டிசினில் தண்ணீர் இல்லை. சுண்ணாம்புத் தூள் போன்ற கால்சிய உப்புகளும் பெட்ரோலியம் ஜெல்லியும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கலவை அது. மாதக்கணக்கில் பிசைந்தாலும் இளகியே இருக்கும். பாத் நகரில் ஓவியம் கற்பித்த வில்லியம் ஹார்பட் தம்முடைய சிற்ப மாணவர்களுக்காக 1897இல் இதை உருவாக்கினார். பாத் நகரிலிருந்து பிரிஸ்டல் கூப்பிடு தூரம்தான். ஒரு ஆசிரியர் மாணவர்களுக்காகக் கலந்த மண், பக்கத்து ஊரில் இப்படி உயிர் பெற்று நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பிளாஸ்டிசினை மட்டும் நம்பி ஒரு பொம்மையை நிற்க வைக்க முடியாது. விளக்கின் சூட்டில் தளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே உள்ளே ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. உலோகக் கம்பிகளும், நம் தோள்மூட்டைப் போல எல்லாத் திசையிலும் திரும்பும் மூட்டுகளும் கொண்ட கூடு. வளைத்த இடத்தில் அப்படியே நிற்பதுதான் அதன் வேலை. பிற்காலத்தில் உடல் பகுதிகளுக்கு ரப்பரும் சிலிக்கோனும் வந்தன. ஆனால் வாலஸ், கிராமிட் படங்களில் முகத்தை ஆர்ட்மேன் பிளாஸ்டிசினிடமிருந்து பிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் வாலஸின் கன்னத்தில் விரல் ரேகைகள் தெரியும். அவற்றைத் துடைத்து அழிக்காமல் விடுவது நிக் பார்க்கின் விருப்பம். துப்பறியும் கதைகளில் ரேகை குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அது செய்தவரைக் காட்டிக்கொடுக்கிறது.

பேச்சை முதலில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லும் எத்தனை படங்களுக்கு நீடிக்கிறது, எந்தப் படத்தில் ‘ம’ வருகிறது, எதில் ‘ஈ’ வருகிறது என்று அட்டவணை எழுதுவார்கள். உதடு மூடியது, திறந்தது, குவிந்தது, விரிந்தது எனத் தனித்தனி வாய்கள் முன்பே செய்யப்பட்டிருக்கும். அட்டவணைப்படி அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். வாலஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் சாலிஸ் ‘சீஸ்’ என்ற சொல்லை இழுத்துச் சொன்ன விதத்தைக் கேட்டுத்தான் வாலஸின் வாய் காதுவரை விரிய வேண்டும் என்று பார்க்குக்குத் தோன்றியது. வாலஸுக்குப் பிடித்த சீஸாக வென்ஸ்லிடேல் வந்ததும் அதன் சுவைக்காக அல்ல. அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய் அழகாக அசையும் என்பதற்காக. சாலிஸ் முதல் படத்துக்குக் குரல் பதிவு செய்து கொடுத்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் பார்க் அவரை அழைத்துப் படம் முடிந்துவிட்டது என்று சொன்னார். பார்க் அதை 1982இல் திரைப்படப் பள்ளி மாணவராகத் தொடங்கி, 1989இல் முடித்தார்.

கிராமிட்டும் அந்தப் படத்தில் பேசுவதாகத்தான் இருந்தது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, புருவத்தை இம்மியளவு அசைத்தாலே அது நினைப்பது தெரிந்துவிடுகிறது என்று பார்க் கண்டுகொண்டார். வாய் நீங்கியது. உலகத்தின் மிகச் சிறந்த துப்பறிவாளர்களில் ஒருவர் அப்படித்தான் பிறந்தார் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஸ்டாப் மோஷனுக்கும் மர்மக் கதைக்கும் இத்தனை பொருத்தம் ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நடிகர்களை வைத்து ஒரு வீட்டில் படம் எடுக்கும்போது எத்தனையோ விஷயங்கள் தற்செயலாகத் திரைக்குள் வந்துவிடும். திரைச்சீலை காற்றில் ஆடும், சுவரில் ஒரு கறை இருக்கும், பின்னால் யாரோ கடந்து போவார்கள். ஸ்டாப் மோஷனில் தற்செயல் என்பதற்கு இடமே இல்லை. மேசை மேல் ஒரு டீக்கோப்பை இருந்தால், ஒருவர் அதை விரல்நக அளவில் வடித்து, வண்ணம் தீட்டி, அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஆகவே திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு தடயமாக இருக்கலாம். ஒரு நகைச்சுவையாகவும் இருக்கலாம். கிராமிட் படிக்கும் புத்தகத்தின் அட்டையில் ‘குடியரசு’ என்று இருக்கும். ஆசிரியர் பெயர் பிளேட்டோ அல்ல, டிஸ்னி படங்களில் வரும் நாயின் பெயரான புளூட்டோ. அடுத்த படத்தில் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கும்போது அது ‘குற்றமும் தண்டனையும்’ படிக்கிறது. எழுதியவர் ஃபிடோ டாக்ஸ்டாயெவ்ஸ்கி: தஸ்தயேவ்ஸ்கியின் பெயருக்குள் ‘டாக்’, அதாவது நாய், புகுந்துவிட்டது. பெரியவர்கள் இதைக் கண்டு சிரிப்பார்கள். குழந்தைகள் அதே நேரத்தில் சன்னலுக்கு வெளியே தெரியும் நிழலைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே திரையில் இரண்டு வயதினருக்கும் வேலை இருக்கிறது. குடும்பப் படம் என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

பெரியவர்களுக்கான மர்மக் கதைகளில் ‘யார் செய்தது?’ என்ற கேள்வி கடைசிவரை நம்மை இழுத்துப் போகும். சிறுவர்களுக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது. அவர்களுக்கு விருப்பமானது, தங்களுக்குத் தெரிந்த உண்மை திரையில் உள்ள பெரியவருக்குத் தெரியாமல் இருப்பது. பென்குவின் தலையில் ஒரு சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழியாக வேடம் போடுகிறது. ‘இந்தக் கோழியைக் கண்டீர்களா?’ என்று கேட்கும் காவல்துறைச் சுவரொட்டியும் இருக்கிறது. அது கோழி அல்ல என்பது நமக்குத் தெரியும், கிராமிட்டுக்குத் தெரியும். வாலஸுக்கோ அந்தக் கையுறை கழன்ற பிறகுதான் தன் வீட்டில் குடியிருப்பவரே அது என்று தெரிகிறது. அறியாமல் இருக்கும் எஜமானரைக் காப்பாற்ற வாய் பேசாத நாய் தனியே அல்லாடுகிறது. நாமும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறோம்.

இந்த வித்தையை முழுநீளப் படமாக விரித்தது 2005இல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்’. நிக் பார்க்கும் ஸ்டீவ் பாக்ஸும் இயக்கிய படம். உருவாக ஐந்து ஆண்டுகள் ஆயின. ஓர் ஊரில் பெரிய காய்கறிகளுக்கான போட்டி நடக்கப்போகிறது. ஊரே பூசணியையும் கேரட்டையும் பிள்ளையைப் போல வளர்க்கிறது. முயல்களிடமிருந்து தோட்டங்களைக் காப்பது வாலஸ், கிராமிட் இருவரின் தொழில். ஓர் இரவு, எல்லாப் பாதுகாப்பையும் மீறி ஏதோ ஒரு பெரிய உருவம் தோட்டங்களைத் தின்று தீர்க்கிறது. ஓநாய் மனிதன் வரும் பழைய திகில் படங்களின் முழுநிலவு, மூடுபனி, தேவாலயத்தில் அலறும் பாதிரியார் எல்லாம் இதிலும் உண்டு. பலியாவது மட்டும் காய்கறி. உலகின் முதல் சைவத் திகில் படம் என்று இயக்குநர்கள் இதைச் சொல்லிவந்தார்கள்.

அந்த உருவம் என்ன என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டுக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். தடயங்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன என்று மட்டும் சொல்வேன்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. இங்கிலாந்தின் டார்செட் கரையோரம் போர்ட்லண்ட் என்ற தீவு இருக்கிறது. கல் வெட்டுவது அங்கே பரம்பரைத் தொழில். முயல்கள் வளை தோண்டினால் பாறை சரிந்து உயிர் போகும் என்பதால், முயல் என்ற சொல்லை வாயால் சொல்வதையே அவ்வூர் மக்கள் தவிர்ப்பார்கள். அவர்களை மதித்து, அந்தத் தீவுக்கென்று படத்தின் பெயர் இல்லாத சுவரொட்டிகளை அச்சிட்டார்கள்.

இரவுக் காட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மர்மப் படம் இருட்டில்தான் வாழ்கிறது. இங்கே ஸ்டாப் மோஷனுக்கு ஒரு வரம் கிடைத்திருக்கிறது. பொம்மை அசையாமல் நிற்பதால் கேமராவின் கதவை ஒரு விநாடி, அதற்கு மேலும்கூடத் திறந்து வைக்கலாம். கடுகளவு விளக்கின் வெளிச்சம் போதும். ஒரு முழு இரவு கிடைத்துவிடும். ஆனால் மூடுபனி வேண்டுமென்றால் சங்கடம். உண்மையான புகையை விட்டால் ஒரு புகைப்படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது கலைந்து போயிருக்கும். திரையில் பேய் பிடித்ததுபோல் துடிக்கும். ஆகவே 2005 படத்தில் பனியைக் கணினியில் செய்து சேர்த்தார்கள். இயந்திரத்துக்குள் உறிஞ்சப்பட்டு அந்தரத்தில் மிதக்கும் முயல்களும் கணினியின் வேலையே. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கையால் செய்ய முடிந்ததை எல்லாம் கையால் செய்துவிட்டு, முடியாததற்குத் துணை தேடியிருக்கிறார்கள்.

வேகமும் ஒரு சிக்கல். ஓடும் பஸ்ஸைப் படம் எடுத்தால் உருவம் கலங்கித் தெரியும் அல்லவா? அந்தக் கலங்கல்தான் வேகத்தை நம்ப வைக்கிறது. அசையாத பொம்மையின் படத்தில் கலங்கல் வராது. ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். ‘தி ராங் டிரவுசர்ஸ்’ படத்தின் முடிவில் வீட்டுக்குள்ளேயே ஒரு விளையாட்டு ரயில் துரத்தல் வருகிறது. கிராமிட் ஓடும் ரயிலின் முன்னால் உட்கார்ந்து, தண்டவாளத் துண்டுகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். அதற்காகக் கேமராவையும் ரயிலோடு சேர்த்துப் பொருத்தி, படம் பதிவாகும்போதே மெல்ல நகர்த்தினார்கள். பின்னால் உள்ள சுவர் கலங்க, நாய் மட்டும் தெளிவாக நின்றது. நான் பார்த்த துரத்தல் காட்சிகளில் இதற்கு இணையான ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை.

2006இல் ஆஸ்கர் விருதுக்குப் போட்டியிட்ட மூன்று முழுநீள அனிமேஷன் படங்களில் ஒன்றுகூடக் கணினியில் முழுமையாக உருவானதல்ல. அந்த ஆண்டு வென்றது வாலஸும் கிராமிட்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2005 அக்டோபர் 10 அன்று, பிரிஸ்டலில் ஆர்ட்மேனின் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, பழைய படங்களின் அரங்குகளும் பொருள்களும் எரிந்து போயின. நாம் திரையில் பார்த்த வீடும் படிக்கட்டும் எங்கோ உண்மையிலேயே இருந்தவை, தொட முடிந்தவை, ஆகவே எரியவும் கூடியவை என்பது அன்று எனக்கு உறைத்தது.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் ‘தி ராங் டிரவுசர்ஸ்’ படத்திலிருந்து தொடங்குவது நல்லது. அரை மணி நேரம்தான். அதே பென்குவின் 2024 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் வெளியான ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்’ படத்தில் பழிதீர்க்கத் திரும்பி வருகிறது. ஆகவே இந்த வரிசையில் பார்த்தால் சுவை கூடும்.

பார்த்து முடித்ததும் வீட்டிலேயே ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு கத்தரிக்காயும் கைப்பேசியும் போதும். கைப்பேசியைப் புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்துங்கள். சன்னலை மூடி, விளக்கைப் போடுங்கள். வெயில் ஏறி இறங்கினால் படம் மின்னி மின்னித் தெரியும். ஸ்டாப் மோஷனுக்கென்று இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி, எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அவை உதவும். விநாடிக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் ஐந்து விநாடிக்கு அறுபது படங்கள். கத்தரிக்காயை ஒரே சீராக நகர்த்தினால் உயிர் வராது. தொடக்கத்தில் மிகக் கொஞ்சம், நடுவில் அதிகம், நிற்கும்போது மறுபடி கொஞ்சம். கிளம்பும் முன் ஒரு நூல் பின்னால் சாய்த்துவிட்டு முன்னே தள்ளினால், அது ஏதோ யோசித்துவிட்டுக் கிளம்பியதுபோல் இருக்கும். நடுவே நிறுத்தி, தொடாமலேயே பன்னிரண்டு படங்கள் எடுங்கள். ஒரு விநாடி மௌனம். சிரிப்பும் பயமும் பிறப்பது அந்த மௌனத்தில்தான். கிராமிட் எதையும் செய்யாமல் நம்மைத் திரும்பிப் பார்க்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள், புரியும்.

என் அண்ணன் மகளோடு கடந்த கோடை விடுமுறையில் இதைச் செய்தேன். தட்டில் ஓர் எலுமிச்சம்பழம். ஓர் எவர்சில்வர் டம்ளர் மெல்ல ஊர்ந்து வந்து தட்டை மறைத்துக்கொண்டு போக வேண்டும். போன பிறகு பழம் இருக்கக் கூடாது. டம்ளர் மறைத்த நேரத்தில் பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவள் அவள்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு ஒரு மணி நேரம் உழைத்து எண்பத்துச் சொச்சம் படங்கள் எடுத்து ஓட்டினோம். ஏழு விநாடி. டம்ளர் வந்தது, நின்றது, போனது. தட்டு காலியாக இருந்தது. பழத்தை மடியில் வைத்துக்கொண்டே அவள் நான்கு முறை அதை ஓட்டச் சொன்னாள். நான்காவது முறையும் அந்த டம்ளரைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள்.